உடைப்பு தொடங்கியதும் மாடல் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: 30 மீட்டர் உயர மண் அணை. நிறைந்தால் 5 கோடி கன மீட்டர் நீர். கரை மேவி வழிந்து உடைவதாக வைத்து, ஹெக்-ராஸ் என்ற நீரோட்ட மென்பொருளில் 20 மீட்டர் செல்களோடு (கணக்குக் கட்டங்களோடு) இருபரிமாண மாடல் செய்திருக்கிறேன். நீர்த்தேக்கமும் அந்தச் செல்களின் வலைக்குள்தான், அதாவது அதே மெஷ்ஷுக்குள்தான். உடைப்பு தொடங்கும் வரை ஒழுங்காக ஓடுகிறது. தொடங்கிச் சிறிது நேரத்தில் எண்கள் எகிறி நின்றுவிடுகிறது. டைம் ஸ்டெப்பை, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரத்தை, 5 வினாடியிலிருந்து அரை வினாடிக்குக் குறைத்ததும் கடைசி வரை ஓடியது. ஆனால் பழைய அணை உடைப்புகளை வைத்து உச்ச ஓட்டத்துக்கு ஃப்ரோலிக் உருவாக்கிய சமன்பாடு வினாடிக்கு 7,700 கன மீட்டர் என்கிறது, மாடலில் அணையில் 3,900தான் வருகிறது. 8 கி.மீ. கீழே போனால் 4,300! கிளையாறு எதுவும் இல்லை. எதைத் திருத்துவது?

பதில்:

மாடல் நின்றுபோனது உங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம். அதை டைம் ஸ்டெப்பைக் குறைத்து அழித்துவிட்டீர்கள். இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. அரை வினாடியில் ஓடி முடிந்த மாடலும் அதே தவறான மாடல்தான், சத்தம் போடாமல் தவறு செய்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஓடி முடிந்த அந்த மாடலில் கடைசி நேரத்துக்குப் போய், நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் என்னவென்று பாருங்கள். உடைப்பின் அடி அணையின் அடித்தளம் வரை இறங்குவதாகக் கொடுத்திருந்தால், தேக்கம் கிட்டத்தட்டக் காலியாகியிருக்க வேண்டும். உங்கள் மாடலில் அடித்தளத்துக்கு மேல் 20 மீட்டருக்குக் குறையாமல் நீர் தேங்கி நிற்கும் என்பது என் ஊகம். ஏன் என்று சொல்கிறேன்.

மண் அணை ஒரு கோடு அல்ல, ஒரு குன்று. மேல்தளம் 8 மீட்டர், இரு பக்கமும் 1-க்கு 2 சரிவு என்று வைத்தால்கூட, 30 மீட்டர் உயரத்துக்கு அடித்தளத்தின் அகலம் 128 மீட்டர் வரும். உங்கள் 20 மீட்டர் செல்லில் ஆறுக்கும் மேல். மாடலில் அணையைக் குறிக்கும் இணைப்புக் கோட்டை மேல்தளத்தின் நடுவில் வரைந்திருப்பீர்கள். உடைப்பு நடப்பது அந்தக் கோட்டில் மட்டும்தான். கோட்டுக்கு இரு பக்கமும் இருக்கும் செல்கள் தங்கள் உயரத்தைத் தரை உயரத் தரவிலிருந்து எடுக்கின்றன, அந்தத் தரவிலோ அணை முழுசாக நிற்கிறது. கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி, அதாவது பக்கத்துச் செல்லின் வெளி விளிம்பில், தரை மேல்தளத்தைவிட 8 மீட்டர்தான் தாழ்ந்திருக்கும். மீதி 22 மீட்டர் அப்படியே நிற்கிறது. நீங்கள் உடைத்த அணைக்கு முன்னும் பின்னும் உடையாத இரண்டு அணைகள்!

இப்போது, அகன்ற மேட்டின் மேல் வழியும் நீரைக் கணக்கிடும் அகலக் கலிங்குச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: கலிங்குக் கெழு 1.7 பெருக்கல் சுமார் 100 மீட்டர் அகலம் பெருக்கல் 8-இன் ஒன்றரை அடுக்கு. 3,850 வருகிறது. உங்கள் 3,900 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதல்லவா? உங்கள் அணையின் சரிவுகள் வேறாக இருந்தால் எண் கொஞ்சம் நகரும், கதை மாறாது.

மாடல் நின்றுபோனதற்கும் காரணம் இதுவே. 22 மீட்டர் உயரத்திலிருந்து கீழ்ச்சரிவில் இறங்கும் நீர், உராய்வை விட்டுவிட்டால், வினாடிக்கு 21 மீட்டர் வேகத்தைத் தொடும். வேகத்தை டைம் ஸ்டெப்பால் பெருக்கிச் செல் அளவால் வகுத்தால் வருவது கூரான்ட் எண். 21 பெருக்கல் 5 வகுத்தல் 20, ஐந்தைத் தாண்டுகிறது. நீரின் முடுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முழு உந்தச் சமன்பாடுகளுக்கு அது 1-ஐச் சுற்றி இருந்தால் நல்லது. 3 என்பதே கடைசி எல்லை. அரை வினாடியில் அது 0.5 ஆகிவிட்டது, மாடலும் அடங்கிவிட்டது. ஆனால் அந்த அருவி நிஜத்தில் இல்லாத அருவி.

திருத்தம் டைம் ஸ்டெப்பில் இல்லை, தரையில் இருக்கிறது. தரை உயரத் தரவிலிருந்து அணைக்கரையை எடுத்துவிடுங்கள். அணை கட்டுவதற்கு முன்பிருந்த ஆற்றுப் படுகை வரைபடம் கிடைத்தால் அதையே பதியுங்கள்; கிடைக்காவிட்டால் மேல்புறப் படுகைக்கும் கீழ்புறப் படுகைக்கும் இடையே ஒரு வாய்க்காலைத் தரைத் திருத்தக் கருவியால் வெட்டலாம், உடைப்பின் இறுதி அகலத்துக்குக் குறையாமல். அணை என்பது இனி இணைப்புக் கோட்டில் நீங்கள் கொடுக்கும் கரை உயரத்தில் மட்டும் இருக்கட்டும். நீரைத் தடுக்க அது போதும்.

கூடவே இன்னொன்று. லைடார் (விமானத்திலிருந்து லேசரால் தரை உயரத்தை அளக்கும் முறை) பறந்த நாளில் தேக்கத்தில் நீர் இருந்திருந்தால், சாதாரண லைடார் நீருக்குள் போகாது; தரவில் இருப்பது அன்றைய நீர்ப்பரப்புதான். அதைப் படுகை என்று நம்பிய மாடலில் கொள்ளளவே குறைந்துவிடும். மாடல் தரும் உயரம்-கொள்ளளவு வளைகோட்டை அணைப் பதிவேட்டில் உள்ள வளைகோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ஒரு மாடலில் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் நீருக்கடி அளவீடு ஒரு உயர அடிப்படையிலும் தரைத் தரவு இன்னொரு அடிப்படையிலும் இருந்தன. இரண்டும் சேரும் இடத்தில் மாடலுக்குள் ஒரு செங்குத்துச் சுவர். வளைகோட்டை முதல் நாளே ஒப்பிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

சரி, கீழே 4,300 எப்படி? உச்சத்தைப் பார்த்துக் குழம்பாமல் இரண்டு இடத்திலும் மொத்தக் கன அளவைக் கூட்டிப் பாருங்கள். 8 கி.மீ. கீழே கன அளவு கூடுதலாக இருந்தால், அந்த நீர் அணையை வேறு வழியில் கடந்திருக்கிறது. மென்பொருள் உடைப்பு வழியே போகும் ஓட்டத்தைத் தனியாகவும் இணைப்பின் மொத்த ஓட்டத்தைத் தனியாகவும் தருகிறது. நீங்கள் முதல் வரியை மட்டும் எடுத்திருந்தால், உடையாத கரைமேல் வழிந்ததும் உபரிநீர்ப் போக்கியில் போனதும் உங்கள் கணக்கில் இல்லை. வினாடிக்கு 400 கன மீட்டர் வித்தியாசம் இதற்குப் பொருத்தமான அளவுதான். இல்லையென்றால் அணைக்கோட்டின் இரு முனைகளையும் பாருங்கள். கோடு மேட்டைத் தொடாமல் ஒரு செல் முன்னாலேயே முடிந்திருந்தால், கரையோரமாக நீர் நழுவிப் போகும். கோட்டின் மீது செல் பக்கங்கள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கன அளவு ஒன்றாக இருந்து உச்சம் மட்டும் கீழே கூடினால் கதை வேறு. வெளியீட்டு இடைவெளியைப் பத்து நிமிடம் என்று வைத்திருந்தால் அணையில் வந்த கூர்மையான உச்சம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே தவறியிருக்கலாம். கீழே உச்சம் தட்டையானது, தவறாது. அப்புறம் ஓட்டம் அளக்கும் கோடு ஒரு வளைவில் ஆற்றை இரண்டு முறை வெட்டினாலும் எண் கெடும். ஹைட்ரோகிராஃபில், அதாவது நேரத்துக்கேற்ப ஓட்டம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், ஒரே ஒரு முள் மாதிரி உச்சம் நின்றால் அது ஓட்டமே அல்ல, கணக்கின் ஆட்டம். அந்த நேரத்தில் விடை கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு எந்தச் செல் அதிகபட்ச எண்ணிக்கையைத் தொட்டது என்று கணக்கீட்டுப் பதிவு சொல்லும். கடைசியாகத் தடுமாறிய செல்லைப் பார்க்காதீர்கள், முதலில் தடுமாறியதைத் தேடுங்கள். மற்றதெல்லாம் அதன் எதிரொலியாக இருக்கும்.

கன அளவுப் பிழை சதவீதத்தை எல்லோரும் பெருமையாகக் காட்டுவார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டியதுதான். ஆனால் உங்கள் இப்போதைய மாடலிலும் அது பிரமாதமாகவே இருக்கும்! 22 மீட்டர் சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரும் கணக்கில் சரியாகத்தானே இருக்கிறது. நீர் காணாமல் போகவில்லை என்பதற்கு மட்டுமே அந்த எண் சாட்சி.

கரையை எடுத்த பிறகு உச்சம் எவ்வளவு வர வேண்டும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஃப்ரோலிக்கின் 2008 சமன்பாடுகளில் உங்கள் எண்களைப் போட்டால், கரை மேவி உடைவதற்குச் சராசரி அகலம் சுமார் 117 மீட்டர், உருவாகும் நேரம் சுமார் 79 நிமிடம். பக்கச் சரிவு 1-க்கு 1. உள்ளரிப்பால் உடைந்தால் அகலம் 90 மீட்டர்தான். இப்போது தேக்கம் குறையாமல் முழு 30 மீட்டரும் அப்படியே நிற்க, உடைப்பும் முழுதாகத் திறந்திருந்தால் 31,000 கன மீட்டர் போகும். அது நடக்காது, 79 நிமிடம் திறக்கும்போதே தேக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். கொள்ளளவு வளைகோட்டின் வடிவத்தை நானே ஊகித்துக்கொண்டு, பத்துப் படிகளில் கையால் கணக்கிட்டுப் பார்த்தேன். கீழ்நீரின் எதிர்ப்பு இல்லாமல் 15,000 பக்கம் வருகிறது. நீங்கள் சொல்லும் 7,700 என்பது அதே ஃப்ரோலிக்கின் 1995 உச்ச ஓட்டச் சமன்பாடு. ஒரே ஆளின் இரண்டு சமன்பாடு, இரண்டு மடங்கு வித்தியாசம்.

இதில் அதிர்ச்சியடைய எதுவும் இல்லை. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் உடைந்த டீட்டன் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறிய நீர் சுமார் 31 கோடி கன மீட்டர். உச்ச ஓட்டம் வினாடிக்கு 65,000 கன மீட்டர் என்று மதிப்பிடப்பட்டது. 1995 சமன்பாடு அதற்கு 43,000-க்குச் சற்றுக் குறைவாகவே சொல்கிறது. அதே அணைக்கு 2008 சமன்பாடு தரும் உடைப்பு நேரம் ஒரு மணி பத்து நிமிடம். நிஜத்தில் ஆனதாகக் கொள்ளப்படும் ஒன்றேகால் மணிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு இடத்தில் பொருந்தும், இன்னொரு இடத்தில் காலை வாரும். அமெரிக்க நீரியல் பொறியாளர் டோனி வால் 2004-இல், அதுவரை வந்திருந்த இத்தகைய சமன்பாடுகளைப் பழைய உடைப்புகளோடு ஒப்பிட்டார். அகலம் ஓரளவு தேறியது. உடைப்பு நேரத்தின் பிழையோ பத்து மடங்கு வரை இரு பக்கமும் போனது. ஆகவே உங்கள் மாடல் 7,000-லிருந்து 15,000 வரை எங்கே நின்றாலும் நான் வாய் திறக்க மாட்டேன். 3,900-க்குத்தான் திறந்தேன். 25,000 வந்தால் மறுபடியும் திறப்பேன்: உடைப்பு நேரத்தைத் தவறுதலாக மிகக் குறைவாகப் போட்டீர்களா, கலிங்குக் கெழுவில் அடி அலகின் எண் நுழைந்துவிட்டதா என்று கேட்பேன். அடி அலகில் 3.1 என்பது மீட்டர் அலகில் 1.7. இதை மாற்றிப் போட்ட மாடல்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேகத்துக்கும் ஒரு உச்சவரம்பு கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1892-லேயே ஜெர்மானியரான ரிட்டர் கணக்கிட்டுவிட்டார்: தட்டையான, உராய்வில்லாத, காய்ந்த படுகையில் அணை ஒரே நொடியில் மறைந்தால், நீரின் முன்முனை புவியீர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 30 மீட்டருக்கு அது வினாடிக்கு 34 மீட்டர். உங்கள் அணையோ மெதுவாக உடைகிறது, படுகையில் மரமும் பாறையும் இருக்கின்றன. வரைபடத்தில் எங்காவது 40 என்று சிவப்பாகத் தெரிந்தால், அங்கே தரைத் தரவில் ஒரு குழியோ சுவரோ இருக்கிறது என்று பொருள்.

எந்தச் சமன்பாட்டுத் தொகுதியில் ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. பரவல் அலை என்றால் மாற்றுங்கள். அது முடுக்கத்தைக் கணக்கில் எடுக்காது. உடைப்பு அலை முழுக்க முடுக்கம்தான். வளைவில் வெளிக்கரை ஏறுவது, குறுகலில் முட்டி எழுவது, இரண்டும் அதில் சரியாக வராது. ஆனால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். எளிதில் நின்றுபோகாது என்பதால், தரையில் எங்கே சுவர், எங்கே கசிவு என்று பார்க்கும் முதல் ஓட்டத்துக்கு அது நல்ல வேலைக்காரன். தரை சரியான பிறகு முழு உந்தத்துக்கு மாறுங்கள். 20 மீட்டர் செல்லில் வேகம் 12-ஐச் சுற்றி இருந்தால் 1 வினாடி போதும், கூரான்ட் 0.6. உடைப்புக்கு முந்தைய மணி நேரங்களுக்கு அது வீண். கூரான்ட் பார்த்துத் தானே மாறும் டைம் ஸ்டெப்பை வைத்துவிடுங்கள்.

கீழே பள்ளத்தாக்கில் இரண்டு இடங்களைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஒன்று பாலங்கள். தரைத் தரவில் பாலத்தின் மேல்தளம் அப்படியே இருந்தால் அது ஆற்றின் குறுக்கே இன்னொரு அணை. நீர் பின்னால் ஏறி, அலை வந்துசேரும் நேரம் தள்ளிப்போகும். இன்னொன்று சாலை மேடுகளும் ஆற்றங்கரைகளும். அவற்றின் முகட்டில் பிரேக்லைன் (செல் விளிம்புகளை முகட்டோடு பொருத்தும் கோடு) இல்லாவிட்டால் ஒரே செல் மேட்டின் இரு பக்கமும் உட்காரும்; செல்லுக்கு ஒரே நீர்மட்டம்தான் என்பதால் இந்தப் பக்கத்து நீர் அந்தப் பக்கம் மாயமாக எழும். வெள்ளப் படத்தில் எதோடும் ஒட்டாத நீலத் திட்டுகள் தெரிகிறதா? பெரும்பாலும் இதுதான். மெஷ்ஷின் வெளி எல்லையில் நீர் முட்டி நிமிர்ந்து நின்றால் மெஷ் சிறியது. கீழ் எல்லையை நீங்கள் பார்க்க விரும்பும் ஊரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

தரையின் உராய்வைச் சொல்லும் மேனிங் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வெள்ளத்துக்குச் சரிபார்த்த எண்ணை அணைக்கு நேர் கீழே அப்படியே போடாதீர்கள். அங்கே ஓடுவது வெறும் நீரல்ல, அணையின் மண்ணும் வேரோடு பிடுங்கிய மரமும் சேர்ந்த குழம்பு. முதல் சில கிலோமீட்டருக்கு இரட்டிப்பாக்கி, போகப் போக இயல்புக்கு இறக்குவது வழக்கம். மாடலும் அங்கே அமைதியாகும், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது.

நியாயமில்லாத அமைதியும் உண்டு. மாடல் நின்றுபோகிறது என்று 79 நிமிட உடைப்பை மூன்று மணி நேரமாக இழுத்துவிடுவது. நிச்சயம் ஓடும், உச்சம் இறங்கும், அலை வரும் நேரம் தாமதமாகும், அந்தத் தாமதத்தை நம்பித்தான் யாரோ வெளியேற்றத் திட்டம் எழுதுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலையை அனுபவசாலிகளே செய்து பார்த்திருக்கிறேன். உடைப்பின் அளவுகளை முதலில் முடிவு செய்து பூட்டிவிடுங்கள். மாடலை அடக்க அவற்றைத் தொடாதீர்கள்.

மென்பொருளும் உங்கள் அமைப்புகளும் நம்பத்தக்கவையா என்று சோதிக்க ஆசைப்பட்டால் மல்பாசே இருக்கிறது. பிரான்சில் 1959 டிசம்பர் 2 இரவு உடைந்த வளைவு அணை. போலீஸ் அளந்த வெள்ளத் தடங்கள், மூன்று மின்மாற்றிகள் அணைந்த நேரங்கள், 1964-இல் 400-இல் ஒரு பங்காகக் கட்டிய ஆய்வக மாதிரியின் அளவுகள், எல்லாம் கிடைக்கின்றன. அணை சட்டென்று போய்விட்டதால் உடைப்பு நேரம் என்ற குழப்பமே அதில் இல்லை. நீரோட்டக் கணக்கு மட்டும் தனியாகச் சோதனைக்கு வருகிறது.

செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்: கரையை எடுங்கள், கொள்ளளவு வளைகோட்டை ஒப்பிடுங்கள், 1 வினாடியில் முழு உந்தத்தில் ஓட்டுங்கள், அணையின் மொத்த ஓட்டத்தையும் 8 கி.மீ. ஓட்டத்தையும் ஒரு நிமிட இடைவெளியில் எடுங்கள். அப்புறம் உடைப்பின் அருகிலும் குறுகல்களிலும் செல்லை 10 மீட்டராக்கி, டைம் ஸ்டெப்பையும் அதற்கேற்பப் பாதியாக்கி இன்னொரு ஓட்டம். அலை வரும் நேரம் ஓரிரு நிமிடமே நகர்ந்தால் மெஷ்ஷை விட்டுவிடலாம். உடைப்பு நேரத்தின் சந்தேகம் அதைவிடப் பெரியது. உடைப்பு நேரத்தை 40, 79, 150 நிமிடம் என்று வைத்து மூன்று ஓட்டம் எடுத்துப் பாருங்கள். அணைக்குப் பக்கத்தில் மூன்றும் வெவ்வேறாக இருக்கும், கீழே போகப் போக நெருங்கி வரும். எந்த ஊருக்கு அருகில் அவை ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் குறித்து வையுங்கள். அதற்கு மேலே உள்ள ஊர்களுக்கு ஒற்றை வருகை நேரம் எழுதாமல், மூன்றிலும் சீக்கிரமானதையும் தாமதமானதையும் சேர்த்தே எழுதுங்கள்.